கூட்டு உருவங்கள்: ஒட்டிய சுவர் எந்தக் கணக்கில் வரும்?

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நீள வரிசை வீடுதான் லயன்; அதன் ஒவ்வோர் அறையும் ஒரு காம்பிரா. பழைய லயன் காம்பிரா என்றால் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் பரப்பளவு 10 × 12 = 120 சதுர அடி. சுற்றளவு 10 + 12 + 10 + 12 = 44 அடி. இதை எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இனி, அப்படிப் பன்னிரண்டு காம்பிராக்கள் பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கும் ஒரு லயனை எடுத்துக்கொள்வோம். பத்தடிப் பக்கம் வாசல் பக்கம். பன்னிரண்டடிச் சுவர்தான் இரண்டு காம்பிராக்களுக்கும் நடுவில் நிற்பது. மொத்தப் பரப்பளவு 12 × 120 = 1440 சதுர அடி. அது சரி. மொத்தச் சுற்றளவு? 12 × 44 = 528 அடி என்று பலரும் எழுதுவார்கள். லயனைச் சுற்றி ஒருமுறை நடந்து அளந்தால் 264 அடிதான் வரும். சரி பாதி.

மற்றப் பாதி எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டால், கூட்டு உருவங்களின் பாடத்தில் பெரும்பகுதி முடிந்தது. மிச்சம் எல்லாம் கூட்டல், கழித்தல், கொஞ்சம் பொறுமை. பரீட்சையில் இந்தப் பாடத்தில் புள்ளி இழக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் இழப்பதில்லை. எந்தக் கோட்டை எண்ண வேண்டும், எதை விட வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் சூத்திரத்துக்குக் கொஞ்ச இடமும், கோடுகளுக்கு நிறைய இடமும் தருகிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் அடிமட்டமும் பக்கத்தில் இருக்கட்டும். சொல்லச் சொல்ல வரைந்துகொண்டே வாருங்கள். வரையாமல் வாசித்தால் பாதிதான் பிடிபடும்.

முதலில் தேவையானவை

சுற்றளவு என்பது ஓர் உருவத்தின் வெளி எல்லையின் நீளம். மரக்கறித் தோட்டத்தைச் சுற்றிப் பன்றி வராமல் கம்பி அடிக்க எத்தனை மீற்றர் வேண்டும் என்றால் அது சுற்றளவு. பரப்பளவு என்பது அந்த எல்லைக்குள் அடங்கும் இடம். அதே தோட்டத்தில் எத்தனை கோவாக் கன்று நடலாம் என்றால் பரப்பளவு தெரிய வேண்டும். சுற்றளவை மீற்றரில் சொல்கிறோம், பரப்பளவைச் சதுர மீற்றரில் சொல்கிறோம். ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர் என்பதால் ஒரு சதுர மீற்றர் 100 சதுர சென்ரிமீற்றர் என்று எழுதிவிடாதீர்கள். பக்கம் ஒவ்வொன்றும் 100 ஆகிறது. ஆகவே 100 × 100, பத்தாயிரம்.

செவ்வகத்தின் பரப்பளவு நீளம் × அகலம். முக்கோணியின் பரப்பளவு அடியில் பாதி × செங்குத்துயரம். வட்டத்தின் பரிதி பை × விட்டம். பரப்பளவு பை × ஆரை × ஆரை. பைக்கு 22/7 என்று எடுத்துக்கொள்வோம். இவ்வளவு போதும். கூட்டு உருவம் என்பது இவற்றில் இரண்டு மூன்றை ஒட்டியோ, ஒன்றிலிருந்து இன்னொன்றை வெட்டி எடுத்தோ கிடைப்பது.

ஒட்டும்போது நடப்பது

லயனுக்குத் திரும்புவோம். முதலாம் காம்பிராவும் இரண்டாம் காம்பிராவும் ஒரே சுவரைப் பங்குபோடுகின்றன. நாம் 44 + 44 என்று கூட்டியபோது அந்தப் பன்னிரண்டடிச் சுவரை முதலாம் காம்பிராவுக்கு ஒருமுறை, இரண்டாம் காம்பிராவுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஆனால் லயனைச் சுற்றி வெளியே நடக்கும் ஆளின் கால் அந்தச் சுவரில் ஒருமுறைகூடப் படாது. அது உள்ளே போய்விட்டது. ஆகவே எண்ணிய இரண்டு தடவையையும் கழிக்க வேண்டும். பன்னிரண்டு காம்பிராக்களுக்கு நடுவே பதினொரு பொதுச் சுவர்கள்.

11 × 12 × 2 = 264
528 − 264 = 264 அடி

நேராகப் பார்த்தாலும் அதே விடைதான். லயன் முழுவதும் 120 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட ஒரு செவ்வகம்; 2 × (120 + 12) = 264.

இதிலிருந்து கிடைக்கும் விதி இது. உருவங்களை ஒட்டினால் பரப்பளவை அப்படியே கூட்டலாம். சுற்றளவை அப்படிக் கூட்ட முடியாது. தனித்தனிச் சுற்றளவுகளைக் கூட்டி, ஒட்டிய நீளத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். ‘ஏன் இரு மடங்கு?’ என்று யாராவது கேட்டால் அந்தப் பதினொரு சுவர்களைக் காட்டுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு பக்கம், இரண்டு பக்கமும் வீட்டுக்குள்ளே.

தோட்டங்களில் இன்னொரு வகை லயனும் உண்டு. இரண்டு வரிசைக் காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அதே பன்னிரண்டு காம்பிராக்களை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் வைத்தால் 60 அடிக்கு 24 அடிச் செவ்வகம் கிடைக்கும். பரப்பளவு 60 × 24 = 1440 சதுர அடி, ஒரு அங்குலம் குறையவில்லை. சுற்றளவு 2 × (60 + 24) = 168 அடி. விதியை வைத்துச் சரிபார்ப்போம். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து பன்னிரண்டடிப் பொதுச் சுவர்கள், ஆக 120 அடி. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஆறு பத்தடிச் சுவர்கள், 60 அடி. ஒட்டிய நீளம் மொத்தம் 180. இரு மடங்கு 360. 528 − 360 = 168. ஒத்துப்போகிறது. சுவரின் தடிப்பை நாம் இங்கே கணக்கில் எடுக்கவில்லை; முதல் பாடத்துக்கு அது வேண்டாம்.

இந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொப்பியில் எழுதுங்கள். தனித்தனி வீடுகளாகக் கட்டினால் 528 அடி வெளிச்சுவர். ஒற்றை லயனாக 264. முதுகு ஒட்டிய லயனாக 168. குடியிருக்கும் இடம் மூன்றிலும் 1440 சதுர அடிதான். வெளிச்சுவர் என்பது யன்னல் வைக்கக்கூடிய சுவர். தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் யன்னல் வைக்கலாம். ஒற்றை லயனின் நடுக் காம்பிராவுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இருபதடி. முதுகு ஒட்டிய லயனின் நடுக் காம்பிராவுக்கு வாசல் பக்கத்துப் பத்தடி மட்டுமே. அதிலும் கதவுக்குப் போக மிஞ்சுவதுதான் யன்னலுக்கு. அடுப்புப் புகை போகவும் வெளிச்சம் வரவும் அந்த ஒரு பக்கந்தான். கட்டியவர்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும் மிச்சம். உள்ளே மூன்று நான்கு தலைமுறை இருமியது. சுற்றளவு என்பது வெறும் பரீட்சைக் கேள்வி என்று நினைக்கும் பிள்ளைக்கு நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் கொடுப்பேன். தங்கள் பாட்டன் பாட்டி வாழ்ந்த அறையில் யன்னல் ஏன் குறைவு என்பது அந்தப் பிள்ளைக்கு எண்ணாகவே தெரிய வேண்டும்.

மூலை வெட்டினால்

அடுத்து வெட்டி எடுக்கும் உருவம். 9 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலத்தில் ஒரு மரக்கறித் தோட்டம். வலப்பக்க மேல் மூலையில் 4 மீற்றருக்கு 3 மீற்றர் அளவில் ஒரு பாறை. பாறையை விட்டுவிட்டு மிச்ச இடத்துக்கு மட்டும் வேலி. அதன் சுற்றளவும் பரப்பளவும் என்ன?

கொப்பியில் வரையுங்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் பென்சிலை வையுங்கள். வலப்பக்கம் 9. மேலே 4. அங்கே பாறை வந்துவிடும், ஆகவே இடப்பக்கம் திரும்பி 4. மேலே 3. இடப்பக்கம் 5. கீழே 7. தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

9 + 4 + 4 + 3 + 5 + 7 = 32 மீற்றர்

பரீட்சைத் தாளில் இந்த ஆறு பக்கங்களுக்கும் நீளம் தரமாட்டார்கள். மூன்றோ நான்கோ தந்துவிட்டு மற்றதை நம்மிடம் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் திணறுவதும், தந்த எண்களை மட்டும் கூட்டிவிட்டுப் போவதும் இங்கேதான். இதற்கு மனனம் எதுவும் வேண்டாம். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம் அல்லவா? அப்படியானால் வலப்பக்கமாகப் போன தூரமும் இடப்பக்கமாகத் திரும்பிய தூரமும் சமமாக இருந்தே ஆக வேண்டும். வலப்பக்கம் 9, இடப்பக்கம் 4 + 5. மேலே ஏறியது 4 + 3. கீழே இறங்கியது 7. எந்த நீளம் விடுபட்டிருந்தாலும் இதை வைத்துப் பிடித்துவிடலாம். மூலைகள் எல்லாம் செங்கோணமாக இருக்கும் எந்த உருவத்துக்கும் இது பொருந்தும், படி படியாகப் பத்து மடிப்பு இருந்தாலும் பொருந்தும்.

பரப்பளவுக்கு மூன்று வழி இருக்கிறது. குறுக்கே வெட்டினால் கீழே 9 × 4 = 36, மேலே 5 × 3 = 15, மொத்தம் 51. நெடுக்கே வெட்டினால் 5 × 7 = 35, 4 × 4 = 16, மறுபடி 51. முழுச் செவ்வகத்திலிருந்து பாறையைக் கழித்தால் 63 − 12, அதுவும் 51 சதுர மீற்றர். ஒரு வழியில் செய்துவிட்டு இன்னொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் மிக நல்லது. வேறெந்தப் பாடத்திலும் விடையைச் சரிபார்க்க இவ்வளவு சுலபமான வழி கிடைக்காது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். பாறையே இல்லாமல் முழுச் செவ்வகமாக இருந்திருந்தால் சுற்றளவு 2 × (9 + 7) = 32. பாறையை வெட்டி எடுத்த பிறகும் 32! பன்னிரண்டு சதுர மீற்றர் போய்விட்டது, கம்பி ஒரு மீற்றர்கூடக் குறையவில்லை. மூலையில் வெட்டும்போது வெளிப்பக்கத்தில் 4, 3 என்று இரண்டு துண்டுகள் போகின்றன. அவற்றுக்குப் பதிலாக உட்பக்கத்தில் அதே 4, அதே 3 வந்து நிற்கின்றன. போனதும் வந்ததும் சரிக்குச் சரி.

பாறை மூலையில் இல்லாமல், ஒரு பக்கத்தின் நடுவில் இருந்தால்? 9 மீற்றர்ப் பக்கத்தின் நடுவில் 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 63 − 6 = 57. வேலியோ 3 மீற்றரை இழந்து, 2 + 3 + 2 என்று 7 மீற்றரைச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே 32 − 3 + 7 = 36 மீற்றர். இடம் குறைந்தது, சுற்றளவு கூடியது. ‘வெட்டினால் இரண்டும் குறையும்தானே, சேர்?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பாறைகளையும் வரைந்து காட்டினால் போதும். பரப்பளவும் சுற்றளவும் சேர்ந்தே கூடிச் சேர்ந்தே குறையும் என்ற எண்ணம் அத்தோடு போய்விடும்.

பாறை எந்தப் பக்கத்தையும் தொடாமல் நட்ட நடுவில் இருந்தால் கேள்வியை நன்றாக வாசிக்க வேண்டும். வெளி வேலி மட்டும் என்றால் 32 மீற்றர்தான். நிழற்றிய பகுதியின் சுற்றளவு என்று கேட்டிருந்தால் உள் எல்லையும் அதில் சேரும்.

சாய்வுகள்

செங்கோண மூலைகள் முடிந்தன. இனி சாய்ந்த கோடுகள். ஒரு வீட்டின் பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம், இரண்டு பக்கமும் தகரம் சரிந்து இறங்கும் கூரை உள்ள வீடு. சுவர் 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம்; அதற்கு மேல் முகடு வரைக்கும் இன்னும் 3 மீற்றர். அதாவது ஒரு செவ்வகத்தின் தலையில் ஒரு முக்கோணி.

பரப்பளவு சுலபம். செவ்வகம் 8 × 3 = 24. முக்கோணி ½ × 8 × 3 = 12. மொத்தம் 36 சதுர மீற்றர். சுற்றளவுக்குச் சாய்ந்த பக்கம் வேண்டும். முகட்டிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் முக்கோணி இரண்டு செங்கோண முக்கோணிகளாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் அடி 4, உயரம் 3. பைதகரசின் தொடர்பின்படி 4 × 4 + 3 × 3 = 25, ஆகவே சாய்ந்த பக்கம் 5 மீற்றர். வெளியே சுற்றி வந்தால்:

8 + 3 + 5 + 5 + 3 = 24 மீற்றர்

செவ்வகத்துக்கும் முக்கோணிக்கும் நடுவிலுள்ள 8 மீற்றர்க் கோடு இதில் இல்லை. சுவரில் அப்படி ஒரு கோடே கிடையாது, கணக்குச் செய்ய நாம் போட்டது அது. அந்த மாதிரிக் கோடுகளை எப்போதும் புள்ளிக் கோடாகவே போடுங்கள். புள்ளிக் கோடு பரப்பளவுக்கு உதவும், சுற்றளவில் வராது. இந்த ஒரு பழக்கத்தால் பாதிப் பிழைகள் நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே இன்னொரு இடறலும் உண்டு. 5 என்ற எண்ணைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் முக்கோணியின் பரப்பளவுக்கும் அதையே போட்டு ½ × 8 × 5 = 20 என்று எழுதிவிடுவார்கள். பரப்பளவுக்கு வேண்டியது செங்குத்துயரம், 3. சாய்ந்த நீளம் சுற்றளவுக்கு.

இந்த வேறுபாடு மலைநாட்டில் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. நம் காணிகளே சாய்வுதான். கிடையாக 4 மீற்றர் போகும்போது 3 மீற்றர் ஏறும் செங்குத்தான சரிவில் நாடாவை நிலத்தோடு படிய வைத்து அளந்தால் 5 மீற்றர் காட்டும். நில அளவையாளரின் வரைபடத்தில் அதே இடம் 4 மீற்றர். வரைபடம் மேலிருந்து நேர் கீழே பார்க்கும் பார்வை; அதில் கிடைத் தூரம் மட்டுமே வரும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800ஆம் ஆண்டில். மட்டமான கரையோரமானாலும் உலப்பனை மலைச்சரிவானாலும் காணியின் பரப்பளவு கிடையாகத்தான் கணக்கிடப்படுகிறது.

அப்படிச் சரிவில், மேலும் கீழுமாக 50 மீற்றரும் குறுக்காக 20 மீற்றரும் நாடாவில் காட்டும் ஒரு துண்டுக் காணியை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் அளந்தால் 50 × 20 = 1000 சதுர மீற்றர். வரைபடத்திலோ 50 என்பது 40 ஆகிவிடும்; 40 × 20 = 800 சதுர மீற்றர். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பது 800. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டும் சரியான அளவுகள்தான், அளந்த விதம் வேறு. ஆனால் வேலிக் கம்பி வாங்கும்போது உறுதியைப் பார்த்து 2 × (40 + 20) = 120 மீற்றர் வாங்கினால் அடிபடுவோம். கம்பி நிலத்தோடு ஏறி இறங்கும். 2 × (50 + 20) = 140 மீற்றர் வேண்டும். கடைசித் தூணுக்கு இருபது மீற்றர் முன்னால் கம்பி தீர்ந்துவிடும். காணிக் கணக்கில் பரப்பளவு வரைபடத்தைப் பார்த்து, வேலி நிலத்தைப் பார்த்து.

காணி என்றதும் பேர்ச்சைச் சொல்லாமல் போக முடியாது. பேர்ச் என்பது 16½ அடிப் பக்கம் கொண்ட ஒரு சதுரம், 16.5 × 16.5 = 272.25 சதுர அடி. ஒரு ஏக்கரில் 160 பேர்ச். தோட்ட மக்களுக்கான தனி வீட்டுத் திட்டங்களில் நாம் அடிக்கடி கேட்ட ஏழு பேர்ச் என்பது 7 × 272.25 = 1905.75 சதுர அடி, ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அந்த இடத்தில் 550 சதுர அடி வீடு எழும்பினால், மிச்சம் 1355.75 சதுர அடி முற்றமும் தோட்டமும். கழித்தல்தான், வேறொன்றுமில்லை.

ஆனால் ஏழு பேர்ச் என்று மட்டும் சொன்னால் காணியின் வடிவம் தெரியாது. 33 அடிக்கு 57.75 அடி என்றாலும் 1905.75 சதுர அடி, வேலி 181.5 அடி. ஏழு சதுரங்களையும் ஒரே வரிசையில் நீட்டி 16.5 அடிக்கு 115.5 அடி என்று தந்தாலும் அதே ஏழு பேர்ச். வேலி 264 அடியாகிவிடும், அகலம் ஒரு வீட்டுக்கே போதாது. காணி பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்ச் என்பதோடு, எத்தனைக்கு எத்தனை அடி என்றும் கேட்க வேண்டும்.

வளைவுகள்

மலையைக் குடைந்து மட்டப்படுத்திய பாடசாலை மைதானங்கள் பெரும்பாலும் சின்னவை. 400 மீற்றர் ஓடுபாதைக்கு இடம் இருக்காது, 200 மீற்றர்தான் போடுவார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளால் போடும் அந்தக் கோடு ஓர் அழகான கூட்டு உருவம். நடுவில் ஒரு செவ்வகம், இரண்டு முனையிலும் ஒவ்வோர் அரைவட்டம்.

நேர்ப்பகுதி 45 மீற்றர், அகலம் 35 மீற்றர் என்று வைப்போம். அகலந்தான் அரைவட்டத்தின் விட்டம். இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம்; அதன் பரிதி 22/7 × 35 = 110 மீற்றர். நேர்ப்பகுதி இரண்டும் 90 மீற்றர். பைக்கு 22/7 என்ற கணக்கில் மொத்தம் சரியாக 200 மீற்றர். இடம் எவ்வளவு வேண்டும்? நீளம் 45 + 35 = 80 மீற்றர், அகலம் 35 மீற்றர். பாதைக்குள் அடங்கும் பரப்பளவு 45 × 35 = 1575, அதோடு 22/7 × 17.5 × 17.5 = 962.5, மொத்தம் 2537.5 சதுர மீற்றர்.

செவ்வகத்தின் சுற்றளவையும் (160) இரண்டு அரைவட்டங்களின் சுற்றளவையும் (ஒவ்வொன்றும் 55 + 35 = 90) கூட்டிவிட்டால் 340 வரும். ஓடுகிற பிள்ளை மைதானத்தைக் குறுக்கே வெட்டி ஓடுவதில்லை. அந்த இரண்டு 35 மீற்றர்க் கோடுகளும் கணக்குக்காகப் போட்ட புள்ளிக் கோடுகள். ஒட்டிய நீளம் 70, அதன் இரு மடங்கு 140. 340 − 140 = 200. சுவரில் பார்த்த அதே விதி வளைவிலும் அப்படியே நிற்கிறது.

இரண்டாம் தடத்தில் ஓடும் பிள்ளைக்கு? தடம் ஒரு மீற்றர் அகலம் என்றால் விட்டம் 37 ஆகும். நேர்ப்பகுதி மாறாது. பரிதி 22/7 × 37, சுமார் 116.3. மொத்தம் 206.3 மீற்றர். அந்த ஆறு மீற்றர்ச் சொச்சத்தை ஈடுசெய்யத்தான் வெளித் தடத்துப் பிள்ளையை முன்தள்ளி நிறுத்துகிறார்கள். பெற்றோர் சிலர் ‘அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் முன்னுக்கு விடுகிறீர்கள்’ என்று கோபிப்பதுண்டு. இந்தக் கணக்கைக் காட்டினால் அடங்கிவிடுவார்கள்.

கோயிலிலும் தேவாலயத்திலும் பார்க்கும் வளைவு வாசலும் இதே இனம். அகலம் 1.4 மீற்றர், நேராக எழும்பும் பக்கம் 2 மீற்றர், மேலே அரைவட்டம். ஆரை 0.7. பரப்பளவு 1.4 × 2 = 2.8, அதோடு ½ × 22/7 × 0.7 × 0.7 = 0.77, மொத்தம் 3.57 சதுர மீற்றர். சுற்றளவு 1.4 + 2 + 2 + 2.2 = 7.6 மீற்றர். வளைவு தொடங்கும் இடத்திலுள்ள 1.4 மீற்றர்க் கோடு இதில் வராது. கீழே படியிலுள்ள 1.4 வரும். இதை நீங்களே வரைந்து, விரலால் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். விரல் தொட்ட கோட்டை மட்டும் எழுதுங்கள்.

ஓர் இலை

கடைசியாக, கொஞ்சம் கடினமான ஒன்று. 14 சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் கவராயத்தை ஊன்றி, 14 சென்ரிமீற்றர் ஆரையில் சதுரத்துக்குள் ஒரு கால்வட்ட வில். எதிர் மூலையில், அதாவது வலப்பக்க மேல் மூலையில் ஊன்றி, அதே ஆரையில் இன்னொரு வில். இரண்டு விற்களும் சேர்ந்து நடுவில் ஒரு தேயிலை இலையைத் தரும், இரண்டு முனையும் கூராக. அதன் பரப்பளவு என்ன?

இலைக்கென்று சூத்திரம் இல்லை. ஆனால் கால்வட்டத்துக்கு இருக்கிறது: ¼ × 22/7 × 14 × 14 = 154. இரண்டு கால்வட்டங்களும் சேர்ந்து சதுரம் முழுவதையும் மூடுகின்றன. இலை இருக்கும் இடத்தை மட்டும் இரண்டு தடவை மூடுகின்றன. ஆகவே 154 + 154 = 308 என்பதில் சதுரம் ஒருமுறையும் இலை கூடுதலாக ஒருமுறையும் அடங்கியிருக்கிறது. சதுரம் 196. 308 − 196 = 112 சதுர சென்ரிமீற்றர். அதுதான் இலை. முதல் தடவை வாசிக்கும்போது புரியாவிட்டால் இரண்டு கால்வட்டங்களையும் இரண்டு நிறப் பென்சிலால் நிரப்புங்கள். இரண்டு நிறமும் கலந்த இடம் கண்ணுக்கே தெரியும்.

இலையின் சுற்றளவு இரண்டு விற்கள் மட்டும். ஒரு வில் ¼ × 2 × 22/7 × 14 = 22. இரண்டும் 44 சென்ரிமீற்றர். இலைக்கு வெளியே சதுரத்தில் மிஞ்சும் இரண்டு மூலைத் துண்டுகள் ஒவ்வொன்றும் 196 − 154 = 42 சதுர சென்ரிமீற்றர். ஒரு துண்டின் ஓரத்தைச் சுற்றினால் 14 + 14 + 22 = 50. இலை 112, அதன் ஓரம் 44. மூலைத் துண்டு 42, அதன் ஓரம் 50.

இந்த மூன்று துண்டுகளையும் மறுபடி ஒட்டுவோம். பரப்பளவு 112 + 42 + 42 = 196, சதுரம் திரும்பி வந்துவிட்டது. சுற்றளவுகளின் கூட்டுத்தொகை 44 + 50 + 50 = 144. ஒட்டிய கோடுகள் இரண்டு விற்கள், 22 + 22 = 44; இரு மடங்கு 88. 144 − 88 = 56. சதுரத்தின் சுற்றளவு 4 × 14, அதுவும் 56.